மாடியில் ருபார்ப் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா? பெரம்பூர் வெயிலுக்குத் தாங்குமா?

பெரம்பூர் மாடிக்காரி | செப்டம்பர் 3

வணக்கம். ஐந்து வருடமாக மாடியில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, நாலைந்து கீரை என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி அதைப் பற்றி இல்லை. ருபார்ப் என்று ஒரு செடி, அதன் இலைக்காம்பை நறுக்கிச் சர்க்கரை போட்டு ஜாம் கிளறுவார்கள், அது நம் ஊர் மாடியில் வருமா என்று தெரிய வேண்டும்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர்வீட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அங்கிள் ரயில்வேயில் வேலை. ஊறுகாய் பாட்டிலைக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பதிலிருந்து பிளம் கேக் வரைக்கும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆன்ட்டிதான். இப்போது மகனோடு மெல்போர்னில் இருக்கிறார். போன டிசம்பரில் வந்தபோது அவர் தோட்டத்து ருபார்ப்பில் இஞ்சி தட்டிப்போட்டுக் கிளறிய ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வெளிர் ரோஜா நிறம். நாக்கில் வைத்ததும் ஒரு புளிப்பு. புளியும் இல்லை, மாங்காயும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, ஆனால் எங்கேயோ சாப்பிட்ட ஞாபகம் வருகிறது, எது என்றுதான் பிடிபடவில்லை. பாட்டில் காலியாகும்வரை யோசித்தேன்.

"இது பெரம்பூரில் வராதும்மா" என்றார் ஆன்ட்டி. பிப்ரவரி கடைசியில் திரும்ப வருகிறார். அதற்குள் ஒரு தண்டாவது ஒடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும். விதையா, கிழங்கா, எந்தப் பட்டம், தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராயபுரம் கடலோரம் | செப்டம்பர் 3

வராது மேடம். ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை, செடியின் குணம் அப்படி. ஊட்டியில் எங்கள் அத்தை குடியிருந்த வீட்டுக் கொல்லையில் பார்த்திருக்கிறேன், இலை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்ததும் இலை எல்லாம் கருகி மண்ணோடு மண்ணாகிவிடும், மார்ச்சில் கிழங்கிலிருந்து சிவப்பு மொட்டு முட்டிக்கொண்டு வரும். அந்தத் தூக்கம் அதற்குக் கட்டாயம். 5 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால்தான் திரும்ப ஒழுங்காக முளைக்கும். நம் நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைந்தது 13.9 டிகிரி, அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போதெல்லாம் மார்கழியிலேயே ராத்திரி 20, 21-க்குக் கீழே இறங்கினால் பெரிய விஷயம்.


கொளத்தூர் புதுசு | செப்டம்பர் 4

ஒரு சந்தேகம். பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னிக் கிழங்கு என்று விற்கிறார்களே, அதுவும் ருபார்ப்தான் என்று படித்தேன். அதையே வாங்கி ஊறவைத்து நட்டால் முளைக்காதா?


மூலக்கடை நாட்டு வைத்தியர் பேரன் | செப்டம்பர் 4

முளைக்காது தம்பி. அது அறுத்து வெயிலில் காயவைத்த வேர்த்துண்டு, சுக்கை நட்டால் இஞ்சி முளைக்குமா? அப்புறம் அது இதே இனத்தில் வேறு செடி. இமயமலையில் பத்தாயிரம் அடிக்கு மேலே வளர்வது. நேபாளத்தில் பதம்சால் என்பார்கள். ஜாமுக்கு வளர்ப்பது அதன் பங்காளி. தாத்தா ரேவல்சின்னியைப் பேதியாவதற்குத்தான் கொடுப்பார், அதுவும் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, அரிசி எடை கணக்கில். வாங்கி வீட்டில் வைத்து யாரும் சோதனை செய்ய வேண்டாம். கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது.

உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து கோடு கோடாக இருக்கும், எச்சில் பட்ட விரலில் மஞ்சள் ஒட்டும். பார்க்க அழகான சரக்கு, அவ்வளவுதான்.


திருவொற்றியூர் தொட்டி | செப்டம்பர் 5

நான் இரண்டு தடவை வைத்திருக்கிறேன். ஒரு தடவை முழுத் தோல்வி, ஒரு தடவை பாதி வெற்றி. ராயபுரம் நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அது செடியைப் பல வருடம் உயிரோடு வைத்திருக்க நினைப்பவர்களுக்கு. நீங்கள் கேட்பது ஒரு தண்டு. அது முடியும்.

முதல் தடவை செய்த தவறு கிழங்கு வாங்கியது. மலையிலிருந்து அனுப்புகிறோம் என்று ஆன்லைனில் ஒருவர் விற்றார், இரண்டு கிழங்கு வாங்கினேன். ஆகஸ்டில் வந்தது, சாதாரணச் செம்மண் தொட்டியில் ஆழமாகப் புதைத்து நட்டேன். இலை மூன்று வந்தது. அக்டோபரில் மழை பிடித்தது. ஐப்பசி மழையில் தொட்டி நாலு நாள் தொடர்ந்து சொதசொதவென்று நின்றது. ஐந்தாம் நாள் இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கழுத்துப் பகுதி முழுக்கப் பழுப்பு நிறத்தில் களி மாதிரி, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். மொட்டு இருக்கும் தலைப்பகுதி மண்ணுக்கு ஒட்டிய மட்டத்தில் இருக்க வேண்டும், நான் நாலு விரல் உள்ளே தள்ளியிருந்தேன், மேலே மழை வேறு. வெயிலில் போவதற்கு முன் தண்ணீரில் போனது.

அடுத்த வருடம் விதை. இந்தியாவிலேயே விற்பவரிடம் விக்டோரியா என்ற வகை வாங்கினேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா, டெக்சாஸ் பக்கம் நம்மைப் போல வெயில் ஊர்க்காரர்கள் இதை ஒரு வருடப் பயிராகத்தான் செய்கிறார்கள். கோடை முடியும்போது விதைத்து, குளிர்காலம் முழுக்க வளர்த்து, அடுத்த கோடை தொடங்கும்போது அறுத்துவிட்டுச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவது. விதையிலிருந்து வரும் முதல் வளர்ச்சிக்குக் குளிர்த்தூக்கம் தேவையில்லை. இதைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் நிழலும் வடிகாலும்தான்.

விநாயகர் சதுர்த்தி கழிந்த வாரம் விதைத்தேன். விதை பழுப்பாக, மூன்று பக்கமும் காகிதம் மாதிரி இறக்கையோடு இருக்கும். மூன்று மணி நேரம் ஊறவைத்துத் தென்னை நார்த்தூள், மண்புழு உரம் பாதிப் பாதி கலந்த குழித்தட்டில் போட்டு ஹாலில் ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தேன். பத்து நாளில் முளைத்தது. நாலு இலை வந்ததும் 40 லிட்டர் பெயிண்ட் டிரம்மில் ஒன்று. அடியில் ஆறு ஓட்டை, பக்கவாட்டில் நாலு ஓட்டை, கீழே ரெண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினேன். மழைக்காலம் முழுக்க சன்ஷேடுக்கு அடியில். மழை நின்றதும் கிழக்குப் பக்கம் நகர்த்தினேன், காலை வெயில் மட்டும், பத்தரைக்கு மேல் நிழல்வலை.

பிப்ரவரியில் ஒரு செடியில் ஐந்தாறு தண்டு, என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் பெருசு. நிறம் பச்சை, அடியில் மட்டும் சிவப்புப் புள்ளி. படத்தில் வருகிற ரத்தச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். பச்சைத் தண்டிலும் புளிப்பு அதேதான். மார்ச் கடைசியிலிருந்து செடிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பகல் பதினொரு மணிக்கு இலை முழுக்கக் குடை மடிந்த மாதிரித் தொங்கும், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்ப நிமிர்ந்து நிற்கும். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், நிமிரவில்லை. 24, 25 டிகிரிக்கு மேலே போனாலே அது சுணங்கும் செடி, 38-இல் என்ன செய்யும் பாவம்.


பெரம்பூர் மாடிக்காரி | செப்டம்பர் 5

அண்ணா, ரொம்ப நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். மூன்று சந்தேகம். ஆன்ட்டியிடம் சொல்லி மெல்போர்னிலிருந்தே விதை அனுப்பச் சொல்லலாமா? கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்காட்டினால் அடுத்த வருடமும் அதே செடியை வைத்துக்கொள்ள முடியாதா? எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது பரவாயில்லையா?


திருவொற்றியூர் தொட்டி | செப்டம்பர் 6

கவரில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள் அக்கா. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர சுகாதாரச் சான்றும் வேண்டும். பத்து விதைக்காக நோய் ஏதாவது உள்ளே வந்துவிட்டால் கஷ்டப்படப்போவது நம் விவசாயிகள். இங்கேயே கிடைக்கிறது, தேதி பார்த்துப் புது விதையாக வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் யோசனை எனக்கும் வந்தது. வகைக்கு ஏற்ப 500 மணி நேரத்திலிருந்து 1000-க்கும் மேலே குளிர் வேண்டும், அதாவது மூன்று வாரத்திலிருந்து ஆறேழு வாரம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஏப்ரலில் துவண்ட ஏழு மாதக் கிழங்கில் சேமிப்பு என்று ஒன்றும் இருக்காது. நான் ஈர மரத்தூளில் சுற்றிக் காய்கறி டிரேயில் வைத்தேன், ஜூனில் பூஞ்சை பிடித்துவிட்டது. வருடா வருடம் விதை போடுவதே மேல்.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதுவே இலை ஓரத்தையும் கருக்கும். மெட்ரோ வாட்டர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, பைப்பின் கீழே வாளி வைத்துப் பிடியுங்கள், ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர் எனக்குக் கிடைக்கிறது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று நிறையப் பேர் செடிக்குத்தான் ஊற்றுகிறார்கள், வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.


தண்டையார்பேட்டை நர்ஸ் | செப்டம்பர் 8

நான் மூன்று வருடம் இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் வேலை பார்த்தேன். லீட்ஸ், வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் வட்டாரத்தை ருபார்ப் முக்கோணம் என்றே சொல்வார்கள். அங்கே ஒரு பிப்ரவரி மாதம் கூட வேலை செய்தவர்களோடு கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன், இன்னும் கண்ணில் நிற்கிறது. தாழ்ந்த கூரை, ஜன்னலே இல்லை, உள்ளே கதகதப்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாக மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்திலேயே குனிந்து அறுவடை செய்கிறார்கள். விளக்கு போட்டால் செடி வெளிச்சம் கண்டு இலை விரித்துவிடும், தண்டின் மென்மை போய்விடும். பேசாமல் நின்றால் மொட்டு தோல் கிழித்து வெளியே வரும் சத்தம் பட், பட் என்று கேட்கிறது. அந்தக் கிழங்கை இரண்டு வருடம் வயலில் விட்டு, ஒரு தண்டுகூட ஒடிக்காமல் பலம் ஏற்றி, உறைபனி பட்ட பிறகுதான் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார்கள். பாதுகாக்கப்பட்ட ஊர்ப்பெயர் தகுதி 2010-இல் அதற்குக் கிடைத்தது, நம் புவிசார் குறியீடு மாதிரி. ஒரு காலத்தில் அந்த ஊர் கம்பளி மில்களின் கழிவுதான் இதற்கு உரமாம். அதைக் கேட்டதும் காசிமேட்டு மீன் கழிவும் வெல்லமும் போட்டு எங்கள் அப்பா செய்யும் மீன் அமிலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் எழுத வந்த முக்கியமான விஷயம் வேறு. இலையைச் சாப்பிடவே கூடாது. தண்டு மட்டும்தான். இலையில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாடு வந்தபோது இந்த இலையைக் கீரை மாதிரிச் சமைக்கலாம் என்று சொல்லப்போய், சாப்பிட்டவர்கள் நோய்ப்பட்டு உயிரிழப்பு வரை போயிருக்கிறது. நாம் முள்ளங்கி இலையை விட மாட்டோம், பீட்ரூட் இலையை விட மாட்டோம். முறம் அளவுக்குப் பச்சைப்பசேலென்று ஒரு இலை மாடியில் கிடந்தால் வீட்டில் யாராவது பெரியவர்கள் பருப்பு போட்டுக் கடைந்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். தண்டை ஒடித்த இடத்திலேயே இலையைக் கத்தரித்துவிடுங்கள், சமையலறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். தெரு ஆட்டுக்கும் போட வேண்டாம். உரக்குழியில் போடலாம், மக்கும்போது அந்த அமிலம் சிதைந்துவிடும்.

கிட்னியில் கல் இருப்பவர்கள் தண்டையும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.


கொளத்தூர் புதுசு | செப்டம்பர் 8

இது தெரியவே தெரியாது அக்கா. நான் இலையைப் பொரியல் செய்யலாமா என்றுதான் அடுத்து கேட்க இருந்தேன்.


பழைய வண்ணை வீட்டம்மா | செப்டம்பர் 9

பெரம்பூர் தங்கச்சி, அந்தப் புளிப்பு எங்கேயோ சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றீர்களே, சுக்காங்கீரையை யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சுக்ககூர என்போம், நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். என் மகள் தாவரவியல் படிக்கிறாள், ருபார்ப்பும் சுக்காங்கீரையும் ஒரே குடும்பம் என்கிறாள். திருவொற்றியூர்க்காரர் மூன்று பக்கம் காகித இறக்கை என்று எழுதியதைப் படித்ததும் டப்பாவிலிருந்த சுக்காங்கீரை விதையை எடுத்துப் பார்த்தோம், அப்படியேதான் இருக்கிறது, இது கொஞ்சம் இளஞ்சிவப்பு, அவ்வளவே.

தண்டு தடிமன் வராது, ஜாமுக்கும் ஆகாது. ஆனால் துவரம்பருப்பு குழைய வெந்ததும் நறுக்கிய கீரையைப் போட்டால் நாலே நிமிடத்தில் கரைந்து ஒன்றாகிவிடும், புளி வேண்டாம், பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் போதும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள், புளிப்பு பாத்திரத்தை அரித்துக் குழம்பில் ஒரு உலோக வாடை வரும். ருபார்ப்புக்கும் இதே பேச்சுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.


தண்டையார்பேட்டை நர்ஸ் | செப்டம்பர் 9

ஆமாம் அக்கா, அங்கேயும் அலுமினியத்தில் வைக்காதே என்பார்கள். எவர்சில்வர் அல்லது பீங்கான்.


வியாசர்பாடி பர்மாக்காரர் | செப்டம்பர் 11

ஜாம் என்றால் நான் வேறு ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பம் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. பாட்டிக்குச் சின்பாங் இல்லாமல் சாப்பாடு இறங்காது, அதாவது நம் புளிச்சகீரை. வெங்காயம், கூனி இறால், பச்சை மிளகாய் போட்டு எண்ணெயில் சுருள வதக்குவார். மூங்கில் குருத்து கிடைத்தால் அதுவும் சேரும், கிடைக்காத நாளில் அந்தப் பேச்சு மட்டும் சேரும். கீரை முற்றிக் கார்த்திகை, மார்கழியில் பூத்து முடித்ததும் செடியில் சிவப்பாகச் சதைப்பற்றோடு புல்லிவட்டம், அதாவது பூவின் அடியிலிருந்த இதழ்கள், காயைச் சுற்றி நிற்கும், அதைத்தான் ஜாமுக்கு எடுக்க வேண்டும். நாட்டு விதையில் எல்லாச் செடியும் அப்படி வராது, தண்டும் காயும் சிவக்கிற வகையாகப் பார்த்து விதை வாங்குங்கள்.

செய்முறை எளிது. நடுவில் இருக்கும் விதைக்காயைத் தள்ளிவிட்டுச் சிவப்பு இதழை மட்டும் உரித்து எடுங்கள். விதைக்காயைத் தூக்கிப் போடாமல் தனியாகக் கொதிக்கவைத்தால் வழவழவென்று தண்ணீர் வரும், ஜாமை இறுகவைப்பது அதுதான், கடையிலிருந்து எதுவும் வாங்கிச் சேர்க்க வேண்டாம். அந்தத் தண்ணீரிலேயே இதழை வேகவைத்து, எடைக்கு எடை சர்க்கரை. நிறம் மாணிக்கம் மாதிரி இருக்கும். உங்கள் ஆன்ட்டிக்கு ருபார்ப் கொடுங்கள், அது உங்கள் ஆசை. இதிலும் ஒரு பாட்டில் செய்துவையுங்கள். இது நம் வெயிலுக்கென்றே பிறந்த செடி, உப்புக்காற்றிலும் நிற்கிறது.


ராயபுரம் கடலோரம் | செப்டம்பர் 11

பர்மாக்காரர் சொன்னதை முழுக்க ஆமோதிக்கிறேன். என் கருத்து இன்னும் மாறவில்லை, ஒரு தண்டுக்காக ஆறு மாதம் ஒரு டிரம்மை அடைத்துவைப்பதற்குப் பதில் புளிச்சகீரை போடலாம். ஆனால் மேடம் ஒருவருக்காகச் செய்கிறார், அதனால் செய்யட்டும். நிழல்வலை மிச்சம் இருக்கிறது, பத்தடிக்கு எட்டடி, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.


பெரம்பூர் மாடிக்காரி | நவம்பர் 19

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பன்னிரண்டு விதை போட்டேன், ஒன்பது முளைத்தது. நாற்றிலேயே இரண்டு கழுத்து அழுகிச் சாய்ந்தது, தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன். மீதி ஏழில் பலமான நாலை டிரம்முக்கு மாற்றினேன். ராயபுரம் சார் கொடுத்த வலை கட்டியாயிற்று. இந்த மழையில் நாலும் படிக்கட்டு அறைக்குள்தான் நிற்கின்றன, காலையில் வெளியே தள்ளி, மேகம் கறுத்தால் உள்ளே இழுத்து, முதுகு பிடித்துக்கொண்டது. இலை இப்போது என் உள்ளங்கை அளவு. ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக, அடியில் நரம்பு எல்லாம் இளஞ்சிவப்பு.

சுக்காங்கீரையும் ஒரு பையில் தூவினேன். போன வாரம் முதல் அறுப்பு. பச்சையாக ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். வண்ணாரப்பேட்டை அக்கா, அதேதான். அதே புளிப்பு. என் பாட்டி மண்சட்டியில் கடைந்து போட்டது, நான் ஆறேழு வயதில் சாப்பிட்டது. படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.


பழைய வண்ணை வீட்டம்மா | நவம்பர் 19

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது கண்ணு. பூ விட ஆரம்பித்ததும் ஒரு செடியை விதைக்கு விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் அறுத்துவிடாதீர்கள்.


திருவொற்றியூர் தொட்டி | ஜனவரி 12

அக்கா, செடி எப்படி இருக்கிறது? இப்போதுதான் அதற்கு நல்ல காலம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்புழு உரம் ரெண்டு கை போடுங்கள், மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி போதும். நடுவிலிருந்து உருண்டையாகப் பூத்தண்டு ஏதாவது கிளம்பினால் உடனே அடியோடு ஒடித்துவிடுங்கள், விட்டால் பலம் முழுக்க அங்கே போய்விடும். அறுக்கும்போது கத்தி வைக்க வேண்டாம். தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் சொடக்கு விட்ட மாதிரி வந்துவிடும். வெட்டினால் மிச்சம் நிற்கும் கட்டை அழுகிக் கழுத்துக்குள் இறங்கும்.


பெரம்பூர் மாடிக்காரி | மார்ச் 2

ஆன்ட்டி வந்தார்.

நாலு டிரம்மில் மூன்று நிலைத்தது. ஒன்றை ஜனவரியில் வேர்ப்புழுவுக்குக் கொடுத்தேன். மாடிக்குக் கூட்டிப்போனேன், முட்டி வலியில் ஒவ்வொரு படியாக ஏறினார். வலைக்கு அடியில் குனிந்து பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே கைவிட்டு, அடியில் பிடித்து, திருகி இழுத்தார், டக்கென்று வந்தது. "யார்ம்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது" என்றார். உங்கள் எல்லாரையும்தான் சொன்னேன்.

மொத்தம் பதினான்கு தண்டு, இலை நீக்கி 410 கிராம். பச்சைதான் அதிகம். ஆன்ட்டி ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, 300 கிராம் சர்க்கரை தூவி ராத்திரி முழுக்க மூடிவைத்தார். காலையில் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை, அதுவே விட்ட நீரில் இஞ்சி தட்டிப்போட்டு எவர்சில்வர் வாணலியில் கிளறினார். இருபது நிமிடத்தில் நார் எல்லாம் கரைந்துவிட்டது. நிறம் ரோஜா இல்லை, வெந்த நெல்லிக்காய் மாதிரி ஒரு பச்சை கலந்த மஞ்சள். ருசி மெல்போர்ன் பாட்டிலை விடப் புளிப்பு தூக்கல் என்று அவரே சொன்னார். ஒன்றரை பாட்டில் வந்தது.

பர்மாக்கார ஐயா, உங்கள் புளிச்சகீரை ஜாமும் தையில் செய்துவைத்திருந்தேன். இரண்டையும் ரொட்டியில் தடவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆன்ட்டி ஊருக்கு எடுத்துப்போகக் கேட்டது அந்தச் சிவப்பு பாட்டிலைத்தான். ருபார்ப் அங்கேதான் தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்றார்.


வியாசர்பாடி பர்மாக்காரர் | மார்ச் 2

பாட்டி இருந்திருந்தால் இந்தச் செய்தியைக் காலனி முழுக்கச் சொல்லியிருப்பார் அம்மா. விமானத்தில் ஜாமைக் கைப்பையில் வைக்க விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அங்கே இறங்கியதும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் எழுதிவிட வேண்டும், ஆஸ்திரேலியாவில் அதில் கண்டிப்பு அதிகம்.


பெரம்பூர் மாடிக்காரி | ஜூலை 20

சிலர் தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன். மூன்று செடியும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தோடு முடிந்தது, திருவொற்றியூர் அண்ணா எழுதிய மாதிரியே, ராத்திரியிலும் நிமிரவில்லை. கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன், கேரட் தடிமனில் மஞ்சளாக இருந்தது, உரக்குழியில் போட்டுவிட்டேன். மண்ணைக் கொட்டி வேப்பம் புண்ணாக்கு கலந்து ஆறவைத்திருக்கிறேன். ஒரு டிரம் செப்டம்பரில் மறுபடி ருபார்ப்புக்கு, இந்தத் தடவை விதையை இன்னும் பத்து நாள் முன்னாலேயே போடப்போகிறேன். மீதி மூன்றிலும் ஆடிப்பட்டத்துக்குச் சிவப்புப் புளிச்சகீரை. சுக்காங்கீரை விதை ஒரு டம்ளர் அளவுக்கு எடுத்துவைத்திருக்கிறேன், பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம், ஒரு காலி பாட்டில் மூடியோடு கொண்டுவாருங்கள்.


கொளத்தூர் புதுசு | ஜூலை 20

அக்கா, நான் வருகிறேன். பாட்டில் ரெண்டு கொண்டுவரட்டுமா?